ஹிபா என்று வெட்டிய கல்

கௌஸ் முகைதீனுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊர் தொண்டி. ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு பெயர்ப்பலகைப் பட்டறையில் இருபத்தேழு வருடமாக எழுத்து வெட்டுகிறார். டாக்டர்களின் கதவுப் பலகை, கம்பெனி வாசலில் பதிக்கும் கருங்கல், திறப்பு விழாவுக்குத் திரை போட்டு மூடி வைக்கும் பித்தளைத் தகடு எல்லாம் அவர் மேசைக்கு வந்துதான் போகும். கணினியில் எழுத்தை அடுக்கி, ரப்பர் தாளில் வெட்டி, கல்லின் மேல் ஒட்டி, குழாயால் மணலடித்தால் எழுத்து பள்ளமாக இறங்கும். இவ்வளவையும் யாரும் பழகிக்கொள்ளலாம். ஆனால் அரபியில் ஒரு புள்ளி இடம் மாறினால் சொல்லே வேறாகிவிடும் என்பதால், அரபு வேலை என்றால் அவரிடம்தான் கொடுப்பார்கள்.

அவர் அரபு படித்தது தொண்டி மதரஸாவில். ஓதத் தெரியும், பொருள் தெரியாது என்ற நிலையில்தான் ஷார்ஜாவுக்கு வந்தார். பலகை வெட்டி வெட்டியே பொருள் பிடிபட்டது. 'அவசர வழி', 'வரவேற்பு', 'உயர் அழுத்த மின்சாரம்' என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றார். அதனால் அவருடைய அரபு ஒரு தினுசானது. மீன் மார்க்கெட்டில் பேரம் பேசத் தடுமாறுவார். ஆனால் பழைய பத்திரம் ஒன்றைக் கொடுத்தால் நிறுத்தி நிதானமாகப் படித்துவிடுவார்.

வேலையில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. எழுத்து நம்முடையது, வாசகம் கொடுத்தவருடையது. வாசகத்தில் அவர் தலையிட்டதே இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் தன் கடைப் பெயரையே பிழையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தபோதும், இரண்டு தடவை கேட்டுவிட்டு, அப்படியே வெட்டிக் கொடுத்தார்.

போன வருடம் ஜனவரியில் ஒரு சாலை ஒப்பந்தக்காரர் மூலமாக ஒரு ஆர்டர் வந்தது. மலைப் பக்கம் வாதி ஸுவைன் என்ற பள்ளத்தாக்கின் வழியே புதிய சாலை போட்டிருந்தார்கள். வாதி என்றாலே அரபியில் பள்ளத்தாக்குதான். அந்தச் சாலையோரத்தில், போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படிக்கும்படி ஒரு வரலாற்றுக் கல் நட வேண்டும். பழுப்புக் கல், நான்கடி உயரம், மேலே அரபு, கீழே ஆங்கிலம். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் மேல் வாதிக்காரர்களும் கீழ் வாதிக்காரர்களும் செய்துகொண்ட நில உடன்பாட்டுக்கான நினைவுக் கல் அது. வாசகம் சுருக்கமாக இருந்தது. மேல் வாதி மக்கள் தங்கள் கிணற்றையும் அதைச் சுற்றிய நிலத்தையும் கீழ் வாதி மக்களுக்கு ஹிபாவாகக் கொடுத்தார்கள், அன்று முதல் இருவரும் சகோதரர்கள் ஆனார்கள் என்றது.

மின்னஞ்சலில் வரைபடத்தோடு வேறு சில கோப்புகளும் தவறுதலாகச் சேர்ந்து வந்திருந்தன. அவற்றில் ஒன்று அந்த உடன்பாட்டின் புகைப்படம். மடிப்புகளில் கிழிந்த ஒரு காகிதம், பதினொரு வரி, அடியில் ஆறு கட்டைவிரல் ரேகைகள், ஒவ்வொரு ரேகைக்கும் கீழே ஒரு பெயர். கௌஸ் முகைதீன் அதைத் திறந்து பார்த்தது எழுத்துக்காகத்தான். நாணல் பேனாவில் எழுதிய நல்ல கை. திரையிலிருந்து போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். டூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். மூன்றாம் நாள் நான்காவது வரியில் நின்றுவிட்டார். அங்கே ஹிபா என்ற சொல் இல்லை. ஆரியா என்று இருந்தது.

இந்த இரண்டு சொற்களுக்கும் அவருக்கு அகராதி தேவையில்லை. தொண்டியில் சொத்துப் பேச்சு நடக்கும் எந்த வீட்டிலும் இவை காதில் விழும். ஹிபா என்றால் முழுதாகக் கொடுத்துவிடுவது. கொடுத்த கை அதன் மேல் பிறகு உரிமை கொண்டாட முடியாது. ஆரியத் என்று ஊரில் சொல்லும் ஆரியா, அனுபவித்துக்கொள்ளக் கொடுப்பது. பொருள் கொடுத்தவருடையதாகவே இருக்கும். அந்தக் காகிதம் சொன்னது இதுதான்: மழை பொய்த்துக் கீழ் வாதியின் கிணறுகள் உப்பாகிவிட்டதால், அந்த மக்கள் மேல் வாதிக் கிணற்றில் இறைத்துக்கொள்ளலாம், கரையில் பேரீச்சை வைத்துக்கொள்ளலாம். நிலம் நிலத்துக்காரர்களுடையது.

வேறு யாராவது என்றால் ஒரு சொல்தானே என்று விட்டிருப்பார்கள். கௌஸ் முகைதீனால் முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் பட்டறையில் யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்குப் பத்தொன்பது வயதிருக்கும். ஊரில் எழுத்து அழகாக வரும் பையன் என்று பெயர். கல்யாணப் பத்திரிகை முகவரியிலிருந்து ஜமாஅத் அறிவிப்பு வரை அவர் கையால்தான் எழுதுவார்கள். அவருடைய சாச்சி, உம்மாவின் தங்கை ஜுலைஹா பீவி, பிள்ளை இல்லாத விதவை. சொந்த வீட்டில் இருந்தார். கணவர் வழி உறவில் ஒரு குடும்பம் வீடு இல்லாமல் வந்தபோது, வீடு கட்டிக்கொண்டு போகிறவரை இருங்கள் என்று முன்பக்கத்தைக் கொடுத்தார். பின்னால் பேச்சு வராமலிருக்க ஒரு தாள் எழுதிவிடலாம் என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கௌஸ் முகைதீனைக் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். 'ஹிபாவாகக் கொடுத்தேன்' என்ற இடம் வந்தபோது பேனா ஒரு நொடி நின்றது. இவர் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். பெரியவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

சாச்சிக்குப் படிக்கத் தெரியாது. விரலில் மையைத் தடவிக்கொண்டு, "என்ன வாப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"சொன்னபடிதான் சாச்சி எழுதியிருக்கேன்."

அது பொய்யில்லை. யார் சொன்னபடி என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்துச் சாச்சி வீட்டைத் திருப்பிக் கேட்டபோது அந்தத் தாளைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் இருந்ததெல்லாம் பின்பக்கத்துச் சாய்ப்பில்தான். அப்போது கௌஸ் முகைதீன் ஷார்ஜாவுக்கு வந்துவிட்டிருந்தார். சாச்சி அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. தாளைப் பார்த்துவிட்டு, எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது என்று உம்மாவிடம் சொன்னாராம். உம்மா அதைப் போனில் சொன்ன நாளை அவர் மறக்கவில்லை.

அந்த நான்காவது வரியைப் படித்த மறுநாள் காலையில் அவர் மேனேஜர் விஜயபாஸ்கரிடம் போனார். விஜயபாஸ்கர் திருச்சிக்காரர், நாற்பது வயது, கடுமையான மனிதர் இல்லை.

"சார், பத்திரத்துல ஆரியானு இருக்கு. கல்லுல ஹிபானு வெட்டச் சொல்லியிருக்காங்க."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் பாய்?"

"குடியிருக்கிறவருக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள வித்தியாசம்."

விஜயபாஸ்கர் வரைபடத்தை எடுத்து முத்திரையைக் காட்டினார். ஒப்புதல் ஆகிவிட்டது, திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள் என்றார். அந்தப் புகைப்படம் நமக்கு வந்ததே தவறு, அதை வைத்துக்கொண்டு நாம் பேசினால் ஏன் பார்த்தாய் என்று முதலில் நம்மைத்தான் கேட்பார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஒரு வழி மிச்சம் இருந்தது. வெட்டுவதற்கு முன்னால் மாதிரித் தாள் ஒன்றை அனுப்பி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். அந்தத் தாளில் கௌஸ் முகைதீன் ஹிபா என்ற சொல்லைப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் தன் சொந்தக் கையால் அரபியில் எழுதினார்: "காகிதத்தில் ஆரியா. இங்கே ஹிபா. எதை வெட்ட?" விஜயபாஸ்கர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் அழிக்கவில்லை. தாள் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்குப் போயிற்று. இரண்டு நாளில் திரும்பி வந்தது. கேள்விக்குப் பக்கத்தில் 'ஒப்புதல் பெற்றபடியே' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார்கள்.

கௌஸ் முகைதீன் வெட்டினார். அவர் வீரர் இல்லை. ஊரில் மகள் ஹிஃப்ஸா கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மே மாதம் அவருடைய விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஹிபா என்ற சொல் அரபியில் மூன்றே எழுத்து. அதன் மேல் மணல் அடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. மற்ற எழுத்துகளின் வால்களை உளியால் தொட்டுச் சரிசெய்தார். அந்தச் சொல்லை மட்டும் தொடவில்லை.

கல்லை நடும் வேலை கார்மேகத்துடையது. கமுதிப் பக்கத்துக்காரர், பட்டறையின் வண்டியை ஓட்டுவதும் பலகைகளை ஏற்றிக்கொண்டுபோய்ப் பொருத்துவதும் அவர்தான். வழக்கமாகத் தனியாக அல்லது ஒரு கூலியாளோடு போவார். இந்த முறை, ஏற்றி இறக்கும்போது எழுத்தில் பூசிய பெயிண்ட் உரசிவிடும், நானும் வந்து தொட்டுக் கொடுக்கிறேன் என்று கௌஸ் முகைதீன் கேட்டார். விஜயபாஸ்கர் சரி என்றார்.

பிப்ரவரி மாதக் காலை. தைத் என்ற ஊரைத் தாண்டியதும் மண் சிவந்து, பிறகு மலை கறுப்பாக எழுந்தது. வாதி ஸுவைனில் சாலையோரத்தில் சிமெண்டுப் பீடம் தயாராக இருந்தது. நாற்பதடி தள்ளி, வேலி போட்ட ஒரு கிணறும் இருபது முப்பது பேரீச்சை மரங்களும் இருந்தன. கல்லை நிறுத்தி, பசை ஊற்றி, மட்டம் பார்த்து முடித்தபோது ஒரு வெள்ளை பிக்கப் வந்து நின்றது. இறங்கி வந்தவர் எண்பதைத் தாண்டிய ஒரு கிழவர். பெயர் ஹுமைத் என்றும், மேல் வாதிக்காரர் என்றும் பிறகு தெரிந்தது. பிரம்பை ஊன்றிக்கொண்டு கல்லின் முன் நின்று, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

இதை எழுதியது யார் என்று கேட்டார். கார்மேகம், தெரியாது என்று அரபியில் சொல்லிவிட்டு மட்டப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். கௌஸ் முகைதீன், எழுதிக் கொடுத்தது வேறு யாரோ, வெட்டியது நான் என்றார்.

கிழவர் கோபப்படவில்லை. சாலைத் தடுப்பின் மேல் உட்கார்ந்தார். தன் தகப்பனார் தண்ணீர் கொடுத்தவர், நிலத்தை எழுதிக் கொடுத்தவர் இல்லை என்றார். எனக்கு இப்போது அந்த நிலம் வேண்டாம், சாலையே அதன் மேல்தான் போகிறது, நாங்களெல்லாம் டவுனுக்குப் போய்விட்டோம் என்றார். பிறகு சொன்னார்:

"இருந்ததை எல்லாம் பிள்ளைகளைக் கேட்காமல் தானம் பண்ணிவிட்டுப் போனவர் என்று என் பேரன் இதில் படிப்பான். அவர் அப்படிப்பட்டவர் இல்லை."

போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். கால் மணி நேரத்தில் இன்னொரு வண்டி வந்தது. வந்தவர் கல்ஃபான், கீழ் வாதிக்காரர், கிழவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் வந்தால் சண்டை வரும் என்று கார்மேகம் பயந்தார். கல்ஃபான் கல்லைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். எங்கள் வீட்டில் யாரும் ஹிபா என்று சொன்னதே இல்லை என்றார். ஒவ்வொரு கோடையிலும் முதல் குலையை அறுத்து ஹுமைத் வீட்டுக்கு அனுப்புகிறோம், என் தாத்தா காலத்திலிருந்து அனுப்புகிறோம், மரம் நிற்கும் மண் எங்களுடையதாக இருந்தால் எதற்கு அனுப்புவோம் என்று கேட்டார்.

காகிதம் ஒன்று எழுதியதாக இருவருமே கேள்விப்பட்டிருந்தார்கள். ஹுமைதின் சின்ன வயதில் வந்த வெள்ளத்தில் வீட்டுப் பெட்டியோடு அது போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். இன்னொரு பிரதி எங்கோ இருந்து, அதுதான் படமாக வந்திருக்கிறது என்பது கௌஸ் முகைதீனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவருடைய கை சட்டைப் பையில் இருந்த போனின் மேல் இருந்தது.

கார்மேகம் அதைக் கவனித்துவிட்டார். "பாய், வேணாம். கல்லை நட்டாச்சு. கெளம்புவோம்."

"ஒரு நிமிஷம் கார்மேகம்."

படத்தைத் திறந்து கிழவரிடம் கொடுத்தார். வெயிலில் சரியாகத் தெரியவில்லை. கௌஸ் முகைதீன் தன் உடம்பால் நிழல் கொடுத்து, படத்தைப் பெரிதாக்கி நான்காவது வரியைக் காட்டினார். ஹுமைத் சத்தமாகப் படித்தார். கல்ஃபான் அதைத் திருப்பிச் சொன்னார். பிறகு படத்தை மெல்ல மேலே தள்ளிக்கொண்டே போனதில் அடியிலிருந்த ரேகைகள் வந்தன. மூன்றாவது ரேகைக்குக் கீழே தன் தகப்பனாரின் பெயரைக் கிழவர் கண்டார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். தகப்பனார் இறந்தபோது தனக்கு ஏழு வயது, முகம் நினைவில்லை, அவருடையது என்று சொல்ல எந்தப் பொருளும் கையில் இல்லை என்றார்.

அதை எனக்கு அனுப்பு என்று கேட்டபோது கௌஸ் முகைதீன் அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில் கார்மேகம் தைத் வரை வேகமாகவே ஓட்டினார். பிறகு, "யாராவது கேட்டா நான் பார்க்கலைனு சொல்லிருவேன் பாய்" என்றார்.

"சொல்லு."

ஒரு கடையோரம் நிறுத்தி இரண்டு டீ வாங்கினார். பாதி குடித்த பிறகு, "பார்த்தேன்னே சொல்றேன். என்ன ஆயிரப்போகுது" என்றார்.

பத்து நாளில் விஷயம் வந்துவிட்டது. ஹுமைதும் கல்ஃபானும் தங்கள் பிள்ளைகளோடு ஒன்றாகவே, கல்லை நடச் சொன்ன அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே குறையைச் சொல்லி அங்கே யாரும் பார்த்ததில்லையாம். திறப்பு விழா நின்றது. கல்லுக்கு மேல் துணியைச் சுற்றினார்கள். காகிதத்தின் படம் எப்படி வெளியே போனது என்ற கேள்வி ஒப்பந்தக்காரரிடம் வந்து, அங்கிருந்து பட்டறைக்கு வந்தது. விஜயபாஸ்கர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கௌஸ் முகைதீன் நான்தான் சார் என்றார். விஜயபாஸ்கர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்."

"சொன்னா நீங்க வேணாம்னு சொல்வீங்க சார். அப்புறம் உங்க பேச்சையும் மீறின மாதிரி ஆகும்."

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அரபு வேலையை அவரிடமிருந்து எடுத்து, ஜவுளிக்கடைகளுக்கான பிளாஸ்டிக் எழுத்துகளை அறுக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் அந்தப் பட்டறைக்கு மேற்கொண்டு வேலை தரவில்லை. விசா புதுப்பிக்க வேண்டிய மே மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கௌஸ் முகைதீன் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. பெட்டியில் துணிகளை மட்டும் ஒழுங்காக மடித்து வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு பெண் பட்டறைக்குப் போன் செய்து அவரைக் கேட்டார். அந்தக் கல்லுக்கு வாசகம் எழுதிய அதிகாரி அவர்தான். குரல் இளமையாக இருந்தது. மாதிரித் தாளின் ஓரத்தில் நீங்கள் எழுதிய கேள்வியை இப்போதுதான் பார்த்தேன் என்றார். அது அவரிடம் வரவே இல்லை. ஒப்பந்தக்காரரின் எழுத்தரே பதில் எழுதித் திருப்பியிருந்தார். ஹிபா என்று போட்டது கெட்ட எண்ணத்தில் இல்லை, கொடுத்தார்கள் என்று சொன்னால் படிக்கிறவர்களுக்கு மனம் நிறையும் என்று நினைத்தேன் என்றார். காகிதத்தைத் தானே முழுதாகப் படித்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நல்ல காகிதம், எழுதியவருக்கு நல்ல கை என்று மட்டும் கௌஸ் முகைதீன் சொன்னார். அந்தப் பெண் சிரித்தார். அந்தப் போனுக்கும் அடுத்து நடந்ததற்கும் தொடர்பு உண்டா என்று தெரியாது. மே மாதம் விசா புதுப்பித்து வந்தது. ரமலானுக்குப் பிறகு அவருடைய இடத்தில் சேர்ந்த எழுத்துக்காரர் ஜூலையில் சவூதியின் ஜுபைலுக்குப் போய்விட, விஜயபாஸ்கர் ஒரு அரபு வரைபடத்தைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

புதிய கல் அக்டோபரில் வந்தது. வேறு பட்டறையில் வெட்டியது. திறப்பு முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை ஹுமைத் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கௌஸ் முகைதீனையும் கார்மேகத்தையும் அழைத்திருந்தார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து நேரே கல் இருந்த இடத்துக்குப் போனார்கள். கௌஸ் முகைதீன் குனிந்து படித்தார். மேல் வாதி மக்களும் கீழ் வாதி மக்களும் நீரையும் நிலத்தையும் பற்றி இங்கே ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள், அதை இன்றுவரை காத்துவருகிறார்கள் என்றிருந்தது. ஹிபா இல்லை. ஆரியாவும் இல்லை.

அவர் முகம் வாடியதைக் கல்ஃபான் கண்டுகொண்டார். ஆரியா என்று போட்டால், நாளைக்கு யாராவது சாலைக்கு அடியில் இருக்கும் நிலத்தைக் கேட்டு வந்துவிடுவார்களோ என்று அலுவலகத்தில் யோசித்தார்களாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஹுமைத் சிரிக்கவில்லை. கல்லைப் பிரம்பால் லேசாகத் தட்டினார்.

"இதில் பொய் இல்லை. எனக்கு அது போதும்."

கௌஸ் முகைதீனுக்குப் போதவில்லை. ஆனால் அது தன் தகப்பனாரைப் பற்றிய கல் இல்லை என்பதால் சரி என்று தலையசைத்தார். பிறகு ஹுமைத் வீட்டுக் கூடத்தில் பெரிய தாம்பாளத்தில் ஆட்டுக்கறியும் சோறும் வந்தது. சுவரில் அந்தக் காகிதத்தின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கார்மேகம் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் மறுபடி கல்லருகே நிறுத்தியபோது அங்கே ஒரு கார் நின்றிருந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் ஆங்கில வரிகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். எங்களை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று அந்தத் தகப்பன் போனை நீட்டினார். கௌஸ் முகைதீன் வாங்கிக்கொண்டு, எல்லோரும் கல்லை மறைத்து நிற்பதைக் கண்டு, கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு டூட்டி.